மஞ்சள் நுரையீரலுக்குள் எப்படி இயங்குகிறது?

புகைபிடிப்பவரின் நுரையீரல், பஜ்ஜிச் சட்டி இறக்காமலே எரிகிற அடுக்களை. தெறிக்கிற எண்ணெய்தான், செல்களைச் சேதப்படுத்தும் ஃப்ரீ ராடிக்கல்கள். சிஓபிடி என்கிற நாள்பட்ட மூச்சடைப்பு நோயில் இந்தத் தெறிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. மஞ்சளும் மூலிகைகளும் அங்கே என்ன செய்யும்?

1. துடைக்கிற துணி

நுரையீரலின் உட்சுவரில் படர்ந்திருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் குளுட்டாதயோன் என்ற பொருள் இருக்கிறது. ரத்த பிளாஸ்மாவில் உள்ளதைப் போல நூறு மடங்குக்கும் மேல். தெறித்ததைத் துடைப்பது இதன் வேலை. துணியை அலசிப் பிழிவதுபோல, பயன்பட்ட குளுட்டாதயோனைச் செல் மீட்டுக்கொள்ளும். புகை ஓயாமல் வந்தால் அலச நேரமிருக்காது. உதவிக்கு ஓடிவரும் வெள்ளணுக்களும் தங்கள் பங்குக்கு ராடிக்கல்களைக் கக்கும்.

2. மிளகாய் நெடி

மஞ்சளின் குர்குமினை இன்னொரு துணி என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆய்வுக்கூடக் குடுவையில் அது துடைக்கத்தான் செய்யும். செல்லுக்குள் அதற்கு வேறு வேலை. பரணிலிருந்து புதுத் துணி இறக்கும் ஆள், என்ஆர்எஃப்2 என்ற புரதம். அவரை ஏறவிடாமல் பிடித்துவைத்திருப்பவர், கீப்1. குர்குமினும் ப்ரோக்கோலியின் சல்ஃபராஃபேனும் வாணலியில் கருகும் மிளகாய் வற்றல் மாதிரி. கீப்1-இல் கந்தகம் உள்ள இடங்களில் போய் ஒட்டுகின்றன; பிடித்தவருக்குத் தும்மல், பிடி தளர்கிறது. விடுபட்ட என்ஆர்எஃப்2 உட்கருவுக்குள் போய், குளுட்டாதயோன் தயாரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது.

3. நெடி எட்ட வேண்டுமே!

மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். அதிலும் பெரும்பகுதி குடலோடு போய்விடும். உள்ளே நுழைந்ததைக் கல்லீரல் உருமாற்றிவிடும். 1998-இல் வெளியான பெங்களூரு ஆய்வில், 2 கிராம் குர்குமினுடன் மிளகின் பைப்பெரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது, உடலுக்குக் கிடைத்த அளவு சுமார் 20 மடங்கானது. ஆனால் ரத்தத்தில் ஏறியதெல்லாம் நுரையீரலில் வேலை செய்துவிடும் என்றில்லை.

4. நோயாளிகளிடம்

சிஓபிடி நோயாளிகளுக்கு நான்கு வாரம் சல்ஃபராஃபேன் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016-இல் வெளியானது. நுரையீரல் செல்களில் என்ஆர்எஃப்2-இன் கீழுள்ள மரபணுக்கள் முடுக்கப்பட்டதற்கான தடயமே இல்லை. 1994-இல் வெளியான பின்லாந்து ஆய்வு இன்னும் கடுமையானது: புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரில், பீட்டா கரோட்டின் மாத்திரை விழுங்கியவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அதுவும் ராடிக்கல்களைத் துடைக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று நம்பிக் கொடுக்கப்பட்டதுதான். சில நுரையீரல் புற்றுநோய்களில் கீப்1 பழுதாகி, என்ஆர்எஃப்2 ஓயாமல் துணி இறக்கிக்கொண்டே இருக்கும். புற்றுச் செல் அதை வைத்தே தன்னைக் காத்துக்கொள்ளும்.

ஆகவே ரசத்தில் மிளகும் மஞ்சளும் தாராளமாக இருக்கட்டும். இன்ஹேலரை அதற்காக நிறுத்த வேண்டாம். மஞ்சள்–மிளகு கேப்ஸ்யூல் வாங்குவதானால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மூச்சிரைப்புக்குக் கொடுக்கும் தியோஃபிலின் மாத்திரையின் அளவையும் பைப்பெரின் ரத்தத்தில் ஏற்றிவிடும். அந்த மருந்தில் சரியான அளவுக்கும் மிகையான அளவுக்கும் இடைவெளி குறைவு.