தோலுக்கு ஒரு விலை, குழந்தைக்கு ஒரு விலை

அமெரிக்காவில் ஒரு தோல் மருத்துவர் ஆண்டுக்குச் சராசரியாக 4,43,000 டாலர் சம்பாதிக்கிறார். குழந்தைகள் நல மருத்துவருக்குக் கிடைப்பது 2,51,000 டாலர். மருத்துவர்களிடமே கேட்டு மெட்ஸ்கேப் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில், 2023-ம் ஆண்டு அறிக்கை சொல்லும் எண்கள் இவை. நம் ரூபாயில் முதலாவது மூன்றரைக் கோடிக்கு மேல். இரண்டாவது இரண்டு கோடியை ஒட்டி. பட்டியலின் உச்சியில் பிளாஸ்டிக் சர்ஜன், 6,19,000 டாலர். அடுத்து எலும்பு மூட்டு மருத்துவர், 5,73,000. இதய மருத்துவர் 5,07,000. கடைசி வரிசையில் தொற்றுநோய் மருத்துவர், குடும்ப மருத்துவர், குழந்தை மருத்துவர், பொதுச் சுகாதாரத் துறையினர்.

இதயத்தில் கை வைப்பவருக்கு அதிகம் என்றால் யாரும் ஏற்றுக்கொள்வார்கள். நடுராத்திரியில் எழுந்து ஓட வேண்டும். கை தவறினால் உயிர் போய்விடும். தோல் மருத்துவத்தில் நள்ளிரவு அழைப்பு அபூர்வம். படிப்பின் நீளமும் காரணமில்லை. மருத்துவப் பட்டத்துக்குப் பின் தோல் மருத்துவருக்கு நான்காண்டுப் பயிற்சி, குழந்தை மருத்துவருக்கு மூன்றாண்டு. இந்த ஓராண்டு வித்தியாசம், வருமானம் முக்கால் மடங்கு கூடுவதற்கு விளக்கமாகாது.

விளக்கம் ஓர் அட்டவணையில் இருக்கிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு அமெரிக்க அரசு நடத்தும் மெடிகேர் காப்பீடு, மருத்துவரின் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு மதிப்பெண் வைத்திருக்கிறது. உழைப்புக்கு இவ்வளவு, கிளினிக் செலவுக்கு இவ்வளவு, வழக்கு வந்தால் காக்கும் இன்ஷூரன்ஸுக்கு இவ்வளவு என்று மூன்றையும் கூட்டி, ஒரு மதிப்பெண்ணுக்கு இத்தனை டாலர் என்று பெருக்கிப் பணம் தருவார்கள். தனியார் காப்பீட்டு நிறுவனங்களும் பெரும்பாலும் இதை வைத்தே பேரம் பேசுகின்றன.

இந்த முறை நல்ல நோக்கத்தோடு பிறந்தது என்பதுதான் வருத்தம். அதற்கு முன், மருத்துவர் வழக்கமாக வாங்கும் ஃபீஸ் எதுவோ அதையே மெடிகேர் கொடுத்துக்கொண்டிருந்தது. கத்தி எடுத்தவர்களுக்கு அது வசதியாக இருந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் வில்லியம் ஷியாவ், ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஆகும் நேரம், மன உழைப்பு, திறமை, பதற்றம் ஆகியவற்றை அளந்து 1988-ல் ஆய்வை வெளியிட்டார். நோயாளியிடம் உட்கார்ந்து பேசி, யோசித்து, முடிவெடுக்கும் வேலைக்குக் குறைவாகவும், கையால் செய்யும் வேலைக்கு அதிகமாகவும் பணம் போகிறது என்றது ஆய்வு. அதன் அடிப்படையில் 1992-ல் புதிய அட்டவணை வந்தது. ஆனால், மதிப்பெண்களை அவ்வப்போது திருத்தப் பரிந்துரைக்கும் குழுவை அமெரிக்க மருத்துவச் சங்கமே 1991-ல் அமைத்துக்கொண்டது. அதில் சிறப்புத் துறைகளின் பிரதிநிதிகளே பெரும்பான்மை. ஒரு சிகிச்சைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று, அந்தச் சிகிச்சையைச் செய்து சம்பாதிப்பவர்களிடமே கேட்டுத்தான் குழு கணக்குப் போடுகிறது. என்னைப் பொறுத்தவரை, கோளாறின் வேர் இங்கேதான் இருக்கிறது.

தோல் கிளினிக்கில் இது எப்படி நடக்கிறது? வெயிலில் உழைத்துப் பழுத்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வருகிறார். நெற்றியிலும் காது மடலிலும் சொரசொரப்பான செதில்கள். விட்டால் புற்றுநோயாக மாறக்கூடியவை. மருத்துவர் திரவ நைட்ரஜன் குப்பியை எடுத்து ஒவ்வொன்றின் மேலும் சில நொடிகள் பீய்ச்சுகிறார். தோல் வெளுத்து உறைகிறது. முதல் செதிலுக்கு ஒரு மதிப்பெண். அடுத்தடுத்த செதில்களுக்குத் தனித்தனியாகச் சிறு மதிப்பெண். முதுகில் சந்தேகமான மச்சம் தெரிந்தால், மரத்துப்போக ஊசி போட்டுச் சீவியெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார். அதற்கும் தனி. இவற்றோடு சம்பந்தப்படாத வேறொரு தொந்தரவையும் அதே சந்திப்பில் பார்த்திருந்தால், பில்லில் ‘மாடிஃபையர் 25’ என்று குறித்துப் பார்வைக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். முறைகேடு ஒன்றுமில்லை, எல்லாம் தேவையான சிகிச்சை, எல்லாம் விதிப்படி.

இன்னொரு படி மேலே மோஸ் அறுவை. ஃப்ரெடரிக் மோஸ் என்ற விஸ்கான்சின் மருத்துவர் உருவாக்கிய முறை இது. தோல் புற்றை மெல்லிய அடுக்காக அறுத்து, நோயாளி காத்திருக்கும்போதே மைக்ராஸ்கோப்பில் பார்த்து, மிச்சம் இருக்கும் இடத்தில் மட்டும் மறுபடி அறுப்பார்கள். மூக்கு, கண்ணிமை போன்ற இடங்களில் நல்ல தோலை வீணாக்காமல் காப்பாற்றும் அருமையான சிகிச்சை. அறுப்பவரும் அவரே, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவரும் அவரே. 2024 அட்டவணையில் முகத்தில் செய்யும் மோஸ் அறுவையின் முதல் கட்டத்துக்கு உழைப்பு மதிப்பெண் 6.2. ஏற்கெனவே தெரிந்த நோயாளியைக் குழந்தை மருத்துவரோ குடும்ப மருத்துவரோ பார்த்துப் பேசி மருந்து எழுதும் சாதாரணச் சந்திப்புக்கு 1.3. மூச்சிரைப்புப் பிள்ளையின் அம்மாவுக்கு இன்ஹேலர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்து, அவள் பயத்தைக் கேட்டுத் தெளியவைத்து அனுப்பும் மருத்துவர், ஒரு மோஸ் கட்டத்துக்கு ஈடாக ஏறக்குறைய ஐந்து பேரைப் பார்க்க வேண்டும். போதாததற்கு, அமெரிக்கக் குழந்தைகளில் ஏராளமானோர் ஏழைகளுக்கான மெடிகெய்டு காப்பீட்டில் இருக்கிறார்கள். அது பொதுவாக மெடிகேரைவிடக் குறைவாகவே கொடுக்கிறது.

காப்பீடே தொடாத வருமானம் வேறு இருக்கிறது. புருவங்களுக்கு இடையே விழும் சுருக்கத்துக்கு போடாக்ஸ் போட 2002-ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதித்தது. கட்டணம் நோயாளியின் பையிலிருந்து ரொக்கமாக வருகிறது. படிவம் இல்லை, மறுப்பு இல்லை. 2007-ல் சான் ஃபிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பல நகரங்களின் தோல் கிளினிக்குகளுக்கு நோயாளிபோல போன் போட்டு போடாக்ஸுக்கு நேரம் கேட்டார்கள். காத்திருப்பின் இடைநிலை அளவு 8 நாள். மச்சம் உருமாறுகிறது என்று முன்பு இதேபோலக் கேட்டபோது கிடைத்த பதில் 26 நாள். உருமாறும் மச்சம் மெலனோமாவாக இருக்கலாம். ஆளைக் கொல்லும் புற்று அது. இந்த இரண்டு எண்களையும் என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

மருத்துவ மாணவர்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தோல் மருத்துவப் பயிற்சிக்கு ஆண்டுக்குச் சுமார் 500 இடங்கள். மதிப்பெண்ணில் முதல் வரிசை மாணவர்களே அதற்கு மோதுகிறார்கள். 2024 ஒதுக்கீட்டில் குழந்தை மருத்துவத்தில் 250-க்கும் மேற்பட்ட இடங்கள் நிரம்பாமல் கிடந்தன. குழந்தைகளுக்கான தொற்றுநோய், நாளமில்லாச் சுரப்பி போன்ற உட்பிரிவுகளின் நிலை இன்னும் மோசம். மேலும் மூன்றாண்டு படித்துவிட்டு, பொதுக் குழந்தை மருத்துவரைவிடக் குறைவாகச் சம்பாதிக்க நேரிடுகிறது.

உள்நாட்டுப் பட்டதாரிகள் ஒதுக்கும் இடங்களுக்குத்தான் வெளிநாட்டில் படித்தவர்கள் போகிறார்கள். நம் சென்னை, மதுரைக் கல்லூரிகளில் படித்து அமெரிக்கா சென்றவர்கள் பொது மருத்துவத்திலும் குழந்தை மருத்துவத்திலும் நிறைய இருக்க, தோல் மருத்துவத்தில் அரிதாக இருப்பது தற்செயல் அல்ல. ஜே-1 விசாவில் போனவர் படிப்பு முடிந்ததும் ஈராண்டு ஊர் திரும்பியாக வேண்டும். அல்லது மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதியில் மூன்றாண்டு வேலை பார்க்கச் சம்மதித்து விலக்குப் பெறலாம். பலர் பார்க்கிறார்கள்.

இங்கேயும் நிலவரம் அதே திசையில்தான் போகிறது. தமிழக அரசுப் பணியில் சம்பளத்தைத் தீர்மானிப்பவை பதவியும் பணிக்காலமும்தான்; தோலா, குழந்தையா என்பதல்ல. உதவி மருத்துவர் எல்லோருக்கும் அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில்தான் தொடங்குகிறது. வித்தியாசம் மாலை கிளினிக்கிலும் லேசர் மெஷினிலும் வருகிறது. நீட் முதுநிலைத் தேர்வில் முன்வரிசையில் வருபவர்கள் ரேடியாலஜி, பொது மருத்துவம், தோல் என்று முதல் சில நாட்களிலேயே எடுத்துவிடுகிறார்கள். 2023-ல் மிச்ச இடங்களை நிரப்பக் கட்-ஆஃபை பூஜ்ஜிய பெர்சென்டைல் வரை இறக்க வேண்டியிருந்தது. நம் தோல் மருத்துவப் பட்டத்தின் பெயரிலேயே தொழுநோயும் சேர்ந்திருக்கிறது. உலகில் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியர்கள். அவர்களிடம் லேசருக்குக் கொடுக்கக் காசு இல்லை.

அமெரிக்காவில் 2026 முதல் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. கை பழகப் பழக அறுவைகளும் சோதனைகளும் விரைவாகின்றன என்று மெடிகேர் ஒருவழியாக ஒப்புக்கொண்டு, செலவிடும் நேரத்தை வைத்துக் கட்டணம் போடாத சிகிச்சைகளின் உழைப்பு மதிப்பெண்ணில் 2.5 விழுக்காட்டைக் குறைத்திருக்கிறது. பேசிப் பார்க்கும் சந்திப்புகளுக்கு இந்தக் குறைப்பு கிடையாது. சிறப்பு மருத்துவர்களின் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. 6.2-ல் இரண்டரை விழுக்காடு போனால் 6.05-க்கு அருகில் நிற்கும். குழந்தை மருத்துவர் இனிமேலும் ஒரு மோஸ் கட்டத்துக்கு ஈடாக நாலரைக்குச் சற்று மேற்பட்ட பிள்ளைகளைப் பார்க்க வேண்டும்.