பனிச்சரிவும் பனிப்படைகளும்: ஒரு விளக்கம்

பனிச்சரிவை இயற்கையின் சீற்றமெனக் கூறி அமையும் போக்கு இன்றும் நிலவுகின்றது. புல்நுனித் துளியையும் மலைமுகட்டு வெண்மையையும் 'பனி' என்னும் ஒரே சொல்லாற் சுட்டிப் பழகிய நமக்கு, மலைச்சாய்விற் கிடக்கும் பனி பல படைகளாலானது என்பது புதுமையாகத் தோன்றலாம். ஒவ்வொரு பொழிவும் ஒரு படையாகப் படிகின்றது. நிலத்தையொட்டிய பனி ஏறத்தாழ 0 பாகை செல்சியசில் இருக்க, மேற்பரப்பு மிகக் குளிர்ந்திருப்பின், நீராவி கீழிருந்து மேல்நோக்கிச் செல்லும். அதனாற் கீழ்ப்படையின் பளிங்குகள் பருத்துக் கோணவடிவு பெற்று, தம்முட் பிணைப்பின்றிச் சீனிமணிகள் போலாகின்றன. பனி ஆழமாகப் படியாத குளிர்காலத்திலேயே இம்மாற்றம் விரைந்து நிகழும் என்பது நோக்கற்பாலது. பின்னர் காற்று அள்ளிவந்து குவிக்கும் பனி இதன்மீது இறுகிப் பாளமாகுமாயின், 30 முதல் 45 பாகை வரையான சாய்வில் ஒருவரின் உடற்பாரமே போதும். நலிந்த படை தகர, பாளம் முழுவதும் வழுக்கி இறங்கும். (அளவுமாற்றம் பண்புமாற்றமாவதற்கு இதனை உதாரணமாக்க நம்மவர் விரைதல் கூடும். ஆயின் பாரத்தின் அளவினும் படைகள் படிந்த வரலாறே இங்கு முதன்மையானது.)

மலைப்பயணிகள் இறக்கும் பனிச்சரிவுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 90, அவராலோ உடன்சென்றவராலோ தூண்டப்பட்டவை. காலடியில் 'உம்ப்' என எழும் ஒலி, பனியில் ஓடும் வெடிப்பு, அயற்சாய்விற் புதுச்சரிவின் சுவடு ஆகியன தெளிவான எச்சரிக்கைகள். 1993 முதல் ஐரோப்பாவில் வழங்கும் ஐந்துபடி அபாய அளவையில், மூன்றாம் படியிலேயே உயிரிழப்பு மிகுதி; ஐந்தாம் படி அறிவிக்கப்படுங்கால் மலைக்குப் புறப்படுவோர் அரியர்.

ஆயின் அபாயத்துள் நுழைவோர் யாவரும் தாமே விரும்பி நுழைவோரல்லர். 2014 ஏப்பிறில் 18இல் எவரெஸ்ட்டின் கும்பு பனிவீழ்ச்சிப் பகுதியில் 16 நேபாளத் தொழிலாளர் மாண்டனர். அங்கு வீழ்ந்தது பனிப்பாளமன்று. மேலிருந்து முறிந்த பனிக்கட்டித் திரள். குழிதோண்டிப் படைகளைச் சோதித்து அதனை முன்னறிதல் இயலாது. அதன்கீழ் நிற்கும் நேரத்தைக் குறைத்தலே காப்பு. பணங்கொடுத்து ஏறுபவர் அவ்வழியைச் சிலமுறையே கடக்கின்றார். அவரது கூடாரத்தையும் உணவையும் பிராணவாயுக் கலங்களையும் சுமக்கும் ஷேர்பாவோ பருவந்தோறும் பன்முறை கடக்க வேண்டியவர். எனவே அபாயத்தின் பங்கீட்டை உழைப்புப் பிரிவினையே தீர்மானிக்கின்றது. இறந்தோர் குடும்பங்களுக்கு 40,000 நேபாள ரூபாவை அரசு முதலில் அறிவித்தது. எஞ்சிய தொழிலாளர் சுமைதூக்க மறுத்தனர். நேபாளப் பக்கத்தில் அவ்வாண்டின் வசந்தகால ஏற்றம் ஏறக்குறைய முற்றாக நின்றது.