பீரங்கிக் கப்பலில் ஒரு தழுவல்

தம்பி,

ஓசூருக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று கேட்பாய். இங்கே அலையுமில்லை, துறைமுகமுமில்லை. ஆயினும் எல்லைக்கோட்டில் வாழும் நாம், எல்லைக்காக வாங்கப்பட்ட ஒரு போர்க்கப்பலின் கதையைக் கேட்டாக வேண்டும்.

கப்பலின் பெயர் ஓ'ஹிக்கின்ஸ். தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாட்டுக்காக, இங்கிலாந்தின் ஆம்ஸ்டிராங் கம்பெனி கட்டியது. 1897ல் நீரில் இறங்கியது. 8,500 டன் எடை, எஃகுக் கவசம், 8 அங்குலப் பீரங்கி நான்கு, 6 அங்குலப் பீரங்கி பத்து.

யாரைச் சுட? அண்டை நாடான அர்ஜென்டினாவை! ஆண்டீஸ் மலையில் எல்லை எதுவென்பது வழக்கு. உயர்ந்த சிகரங்களே எல்லை என்றது அர்ஜென்டினா. நீர் பிரியும் மேடே எல்லை என்றது சிலி. அர்ஜென்டினாவும் இத்தாலியில் கவசக் கப்பல்களை வாங்கிக் குவித்தது. அவற்றில் ஒன்றின் பெயர் சான் மார்ட்டின்.

பெயர்களைக் கவனி, தம்பி! 1817ல் சான் மார்ட்டினும் ஓ'ஹிக்கின்சும் ஒரே படையில் ஆண்டீசைக் கடந்து, ஸ்பெயின் ஆதிக்கத்தை எதிர்த்துப் போரிட்ட தோழர்கள். அந்தத் தோழர்களின் பெயரைப் பொறித்த கப்பல்கள், ஒன்றையொன்று சுட ஆயத்தமாயின! விற்றவனுக்கு லாபம், வாங்கிய நாட்டு ஏழைக்குப் பாரம்.

1899 பிப்ரவரி 15. தென்கோடித் துறைமுகமான புன்டா அரீனாசில், அர்ஜென்டினத் தலைவர் ரோக்காவும் சிலித் தலைவர் எர்ராசுரிசும் சந்தித்தனர். எங்கே? ஓ'ஹிக்கின்ஸ் கப்பலிலேயே! சண்டைக்குக் கட்டிய தளத்தில் சமாதானத் தழுவல்!

தழுவலோடு தகராறு தீர்ந்ததா? இல்லை. புதிய கப்பல்களுக்கு மேலும் ஆணை பறந்தது. 1902 மே 28ல் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே கை ஓய்ந்தது. கட்டிக்கொண்டிருந்த கப்பல்களைக் கைவிட்டனர். அர்ஜென்டினாவின் இரண்டை ஜப்பான் வாங்கியது. சிலியின் இரண்டைப் பிரிட்டனே வாங்கிக்கொண்டது. நடுவரான பிரிட்டிஷ் மன்னர் நவம்பர் 20ல் எல்லையைத் தீர்த்துவைத்தார். கேட்டது முழுதும் யாருக்கும் கிடைக்கவில்லை. ஆயினும் இருவரும் ஏற்றனர். ஓ'ஹிக்கின்ஸ் அர்ஜென்டினாவின் மீது ஒரு குண்டும் வீசவில்லை.

தீர்ப்பை ஏற்காவிட்டால்? அதற்கும் அவர்களிடமே சான்று உண்டு. 1977ல் தென்கோடித் தீவுகள் பற்றி வந்த நடுவர் தீர்ப்பை அர்ஜென்டினா மறுத்தது. 1978ல் போர் வாசலில் வந்து நின்றது. 1984 உடன்படிக்கைதான் அதை விரட்டியது.

இனி நம் எல்லைக்கு வா. காவிரியில் தண்ணீர் விடு என்று உச்சநீதிமன்றம் சொன்னதற்காக, 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழகப் பேருந்துகள் எரிந்தன. ஓசூர் எல்லையில் வண்டிகள் நின்றன. ஓசூரிலிருந்து பெங்களூர் செல்லும் தமிழ்த் தொழிலாளிக்கும், அத்திப்பள்ளியிலிருந்து ஓசூர் வரும் கன்னடத் தொழிலாளிக்கும் பாதை ஒன்றுதானே? பாதை அடைபட்டால் இருவர் அடுப்பும்தானே அணையும்?

2018 பிப்ரவரி 16ல், பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. என்று உச்சநீதிமன்றம் அறுதியிட்டது. 2007ல் நடுவர் மன்றம் தந்த 192ஐவிடக் குறைவு. நெஞ்சு வலித்தது; ஆனாலும் தமிழகம் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டது. கருநாடகத்திடம் நாம் கேட்பதும் அதே கட்டுப்பாட்டைத்தான், சலுகையை அல்ல.

கன்னடத் தோழனைத் தழுவ நம் கை என்றும் நீளும். ஆனால் தழுவல் நிலைக்க வேண்டுமானால், தீர்ப்பு தாளில் உறங்கக் கூடாது, தண்ணீராய் வரவேண்டும்!