எட்டாத பக்கத்தை அளத்தல்

வன்னிப் பெருநிலம் குளங்களாலும் காடுகளாலும் ஆகியது. இங்கே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நேரே கயிறு பிடித்து அளந்துவிடல் எப்பொழுதும் இயலுவதன்று. நடுவே நீர் நிற்கும். அன்றேல் முட்காடு மறிக்கும். 2009ஆம் ஆண்டிற்குப் பின்னரோ கண்ணிவெடி அபாயப் பலகை நாட்டப்பெற்ற நிலங்களும் குறுக்கே கிடந்தன. கால் செல்லாத இடத்தின் தூரத்தைக் கண்ணாலும் கணக்காலும் அறிவதே திரிகோணகணிதத்தின் தலையாய பயனாகும். பரீட்சைக்காக அதனைக் கற்று மறந்த பழைய மாணவர்க்கும், இன்று கணிகருவியைக் கையிற் கொண்டு கற்கும் இளையோர்க்கும் அப்பயனை எடுத்துரைப்பதே எமது நோக்கம்.

இதன் அடிப்படை மிக எளிது. கோணங்கள் ஒத்த முக்கோணிகள் சிறியனவாயினும் பெரியனவாயினும் அவற்றின் பக்கங்களின் விகிதம் மாறாது. ஆதலின் தாளில் வரைந்த முக்கோணிக்குப் பொருந்தும் விகிதம், ஒரு குளத்தையே அடக்கும் முக்கோணிக்கும் பொருந்தும். செங்கோண முக்கோணியில் ஒரு கோணத்தின் எதிர்ப்பக்கத்தைச் செம்பக்கத்தால் வகுக்க வருவது சைன். அயற்பக்கத்தைச் செம்பக்கத்தால் வகுக்க வருவது கோசைன். எதிர்ப்பக்கத்தை அயற்பக்கத்தால் வகுக்க வருவது தான்சன். தெரிந்த பக்கம் யாது, வேண்டிய பக்கம் யாது என்று தெளிந்தால், எடுக்கவேண்டிய விகிதம் தானே புலப்படும்.

குளக்கட்டில் அ என்னும் இடத்தில் நிற்கின்றோம் எனக் கொள்வோம். எதிர்க்கரையில் மருதமரம் ஒன்று தெரிகின்றது. அம்மரத்தை நோக்கும் கோட்டிற்குச் செங்கோணமாகக் கட்டின் வழியே 100 மீற்றர் அளந்து ஆ என்னும் இடத்தை அடைகின்றோம். ஆவில் நின்று, அவையும் மரத்தையும் நோக்கும் கோடுகளுக்கிடையே உள்ள கோணத்தை அளக்க 62 பாகை வருகின்றது. தெரிந்தது அயற்பக்கம்; வேண்டியது எதிர்ப்பக்கம்; ஆகவே தான்சன். 62 பாகையின் தான்சன் 1.8807. அதனை 100ஆற் பெருக்க, அவிலிருந்து மரம் 188.07 மீற்றர் தூரத்தில் உள்ளதென அறிகின்றோம். நீரில் இறங்காமலே நீரின் அகலம் தெரிந்துவிட்டது.

1.8807 என்னும் எண்ணை எங்கே பெறுவது? ஆரியபடர் 499ஆம் ஆண்டளவில் இயற்றிய நூலிலேயே சைன் பெறுமானங்கள் அரைநாண்களாகத் தரப்பட்டுள்ளன. 1614ஆம் ஆண்டில் நேப்பியர் மடக்கைகளை வெளியிட்டபின், பெருக்கலைக் கூட்டலாக்கும் அட்டவணைகள் எழுந்தன. எம்மிற் பலர் கல்லூரியில் விரல்தேயப் புரட்டியவை அவையே. 1972ஆம் ஆண்டில் சட்டைப்பையில் அடங்கும் விஞ்ஞானக் கணிகருவி விற்பனைக்கு வந்தபின் அவ்வட்டவணைகள் அலுமாரியை அடைந்தன. ஆயினும் ஒன்றை மறவற்க. கருவி அட்டவணையின் வேலையைச் செய்யுமேயன்றி, முக்கோணியைத் தெரிவு செய்யாது.

கோணத்தைப் பாகையிலும் அளக்கலாம், ஆரையனிலும் அளக்கலாம். கருவி ஆரையனில் இருக்க நாம் 62 என அழுத்தினால், தூரம் ஏறக்குறைய மறை 110 என வரும். மறைத் தூரம் ஒன்று இல்லையாதலின் பிழை அக்கணமே வெளிப்படும். கோணம் 45 ஆயின் நிலைமை வேறு. 45 பாகையின் தான்சன் 1. எனவே தூரம் 100 மீற்றர். ஆரையனில் இருக்கும் கருவியோ 162 எனக் காட்டும். அது நம்பத்தக்க எண்போலத் தோன்றுவதே அதன் அபாயம். ஆதலின் வேலை தொடங்குமுன் 45இன் தான்சனை அழுத்தி 1 வருகின்றதா எனப் பார்ப்பது நல்வழக்கம்.

எல்லா முக்கோணிகளிலும் செங்கோணம் அமைவதில்லை. அங்கே சைன் விதி உதவும். எந்த முக்கோணியிலும் ஒரு பக்கத்தை அதன் எதிர்க்கோணத்தின் சைனால் வகுக்க வருவது மூன்று பக்கங்களுக்கும் ஒன்றே. ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்றைய பக்கங்கள் தெரியும். 1802ஆம் ஆண்டில் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஏறக்குறைய ஏழரை மைல் நீளமான அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, அதிலிருந்து முக்கோணிகளை அடுக்கிச் சென்றார். தஞ்சைச் சமவெளியில் குன்றுகள் இல்லாமையால் கோயில்களின் உச்சியை நாடினார். 1808ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றுகையில் அவரது பெருங்கருவி சுவரில் மோதிச் சேதமுற்றது. அதனைச் செப்பனிட்டுப் பணியைத் தொடர்ந்தார். குன்று அரிதான வன்னியில் வாழும் எமக்கு அவர் பட்ட இடர் நன்கு விளங்கும்.

இனி எமது மக்களுக்கு நெருங்கிய காரியத்திற்கு வருவோம். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு ஆகிய குளங்களின் கீழ்க் குடியேற்றத் திட்டங்கள் அமைந்தபொழுது காணிகள் துண்டு துண்டாக அளக்கப்பெற்றுக் குடும்பங்களுக்கு அளிக்கப்பெற்றன. 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வின் பின் மீண்டவர் பலர் வேலியையும் காணவில்லை, எல்லை மரத்தையும் காணவில்லை, உறுதிகளையும் இழந்திருந்தனர். அயலவர் இருவர் மனம் முறிவதற்கு ஒரு முழ நிலமே போதும்.

ஒரு காணியின் மூன்று எல்லைக் கற்களில் இரண்டு எஞ்சியுள்ளன. அவற்றின் இடைத்தூரம் 240 மீற்றர் என்க. இது நில அளவைப் படத்திலுள்ள தூரத்தோடு ஒத்தல் வேண்டும். ஒவ்வாதாயின் கல் பெயர்க்கப்பட்டதென ஐயுறலாம். படத்தின்படி முதற் கல்லில் 48 பாகையும் இரண்டாங் கல்லில் 71 பாகையும் அமைகின்றன. எனவே காணாமற்போன மூலையில் 61 பாகை. 240ஐ 61 பாகையின் சைனால் வகுத்து, 71 பாகையின் சைனாற் பெருக்க, முதற் கல்லிலிருந்து மூலை 259.46 மீற்றர், 48 பாகையின் சைனாற் பெருக்க, இரண்டாங் கல்லிலிருந்து 203.92 மீற்றர். இவ்விரு நீளங்களும் காணியின் பக்கமாகச் சந்திக்கும் இடமே இழந்த மூலை. பழைய படங்களில் நீளம் சங்கிலியில் இருக்கலாம். ஒரு சங்கிலி 66 அடி; அஃதாவது 20.12 மீற்றர்; பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அலகைக் கலந்தால் அறமும் கலங்கும்.

இங்கே எச்சரிக்கை ஒன்று. குளக்கரை உதாரணத்தில் கோணத்தை ஒரு பாகை பிழைத்து 63 என எடுத்தால் தூரம் எட்டு மீற்றர் மிகும். அக்கோணம் 85 ஆக இருந்து 86 எனக் கொள்ளப்படின் 1143 மீற்றர் 1430 ஆகிவிடும். ஒடுங்கிய முக்கோணி சிறு பிழையையும் பெரும் பிழையாக்கும். அதனாலேயே நில அளவையாளர் மூன்று பக்கங்களும் ஏறத்தாழ ஒத்த முக்கோணிகளை விரும்புவர். கருவி எத்தனை தசமதானங்களைக் காட்டினும், கோணத்தை அளந்த கண்ணினும் அது நுண்மையுடையதன்று.

எல்லையை முறைப்படி அளந்து காட்டுவது அனுமதி பெற்ற நில அளவையாளரின் பணி. இன்று அவர்கள் ஒளியால் தூரம் அளக்கும் கருவிகளையும் செய்மதிகளையும் துணைகொள்கின்றனர். அவற்றின் கணக்கிலும் திரிகோணகணிதமே நின்று தொழிற்படுகின்றது. ஆயினும், தன் பெற்றோரின் காணிப் படத்தை விரித்து, ஒரு பக்கத்தையும் இரு கோணங்களையும் கொண்டு எஞ்சிய பக்கங்களைத் தானே சரிபார்க்கவல்ல மாணவன், பிறர் சொல்லுக்கு மயங்கான். வீண் வழக்கிற்கும் செல்லான். எமது கல்லூரி கற்பித்த கணிதம் இப்பயனை நல்குமாயின், அஃது பரீட்சைப் புள்ளியினும் பெரிதாகும்.