வாசலில் நிற்கும் ஆய்வாளர்: யார் பணம், யாருக்குப் பயன்?



"கல்லூரியிலிருந்து வருகிறோம், சில கேள்விகள் கேட்க வேண்டும்" என்று யாராவது வாசலில் நின்றால் நம் வீடுகளில் தயக்கம் வருகிறது. குடியுரிமை பற்றிய அச்சம் எழுந்த 2019, 2020-க்குப் பிறகு அது கூடியிருக்கிறது. அதில் நியாயமும் உண்டு. ஆனால் எல்லாக் கேள்வித்தாளும் ஒன்றல்ல. தொழிலாளர் நிலை, ஏற்றத்தாழ்வு, சமூக நீதி பற்றிப் பேராசிரியர்கள் நடத்தும் ஆய்வு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால், யாருக்குப் பதில் சொல்வது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பதை நாமே முடிவு செய்யலாம்.

பணம் எங்கிருந்து வருகிறது?

இத்தகைய ஆய்வுகளுக்கு நிதி தரும் முக்கியமான அமைப்பு, மத்திய அரசு 1969-ல் டெல்லியில் நிறுவிய இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம். பேராசிரியர் எதை, எங்கே, எவ்வளவு செலவில் ஆராயப் போகிறார் என்று எழுதி விண்ணப்பிப்பார். ஏற்கப்பட்டால் பணம் அவருடைய கல்லூரி அல்லது நிறுவனத்தின் வழியாகத் தவணைகளில் வரும். செலவுக்குக் கணக்கும், முடிவில் அறிக்கையும் தர வேண்டும். வக்ஃப் வருமானத்தை எதற்கென்று எழுதி வைத்தார்களோ அதற்கே செலவிட வேண்டும் அல்லவா? ஆய்வு நிதியும் அப்படித்தான்.

பணம் தருபவர் எந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்க முடியும். என்ன பதில் வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கக் கூடாது. ஆகவே "யார் நிதி?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல, நம் உரிமை.

இதனால் என்ன நடந்திருக்கிறது?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன் பற்றி வீடு வீடாகக் கேட்டு எழுதச் சொன்னார். காஞ்சிபுரத்தை அடுத்த தூசியும், தென்னார்க்காட்டு இருவேல்பட்டும் அவற்றில் இரண்டு. கடனுக்காகத் தலைமுறையாக உழைத்த படியாட்களின் நிலை அந்த ஏடுகளில் பதிவானது. 1930-களிலும் 1980-களிலும் ஆய்வாளர்கள் அதே கிராமங்களுக்குத் திரும்பிச் சென்றார்கள். 1980-களில் சென்றவர்கள், 1971-ல் மால்கம் ஆதிசேஷையா தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார். கூலி மக்களின் வாழ்க்கை எங்கே மாறியது, எங்கே மாறவில்லை என்று இன்று ஆதாரத்தோடு பேச முடிவது அந்தப் பதிவுகளால்தான்.

நம் சமுதாயத்துக்கு நெருக்கமான உதாரணம், 2006-ல் வந்த சச்சார் குழு அறிக்கை. அரசு அமைத்த அந்தக் குழுவின் உறுப்பினர் செயலராக இருந்து உழைத்தவர் பொருளாதார ஆய்வாளர் அபுசாலிஹ் ஷெரீஃப். உழைக்கும் முஸ்லிம் பெண்களில் சுமார் 70 சதவீதம் பேர் தங்கள் வீட்டுக்குள்ளேயே வேலை செய்கிறார்கள். எல்லாப் பெண்களையும் சேர்த்தால் அது 51 சதவீதம் என்று அந்த அறிக்கை காட்டியது. கணக்கெடுக்க வந்தவரிடம் ஏதோ ஓர் ஊரில் ஒரு சகோதரி "தைக்கிறேன்", "பீடி சுற்றுகிறேன்" என்று சொன்னதால்தான் அந்தக் கணக்கு கிடைத்தது.

நம் வீடுகளில் எத்தனை பேர் அப்படிச் சொல்கிறோம்? நாள் முழுதும் தையல் மிஷினில் குனிந்திருப்பவரும் "சும்மா வீட்டில்தான் இருக்கிறேன்" என்கிறார். அந்த ஒரு சொல்லில் அவருடைய உழைப்பு ஏட்டிலிருந்து மறைந்துவிடுகிறது. மாமல்லபுரத்துக் கடைகளிலும் கடற்கரை விடுதிகளிலும், மறைமலை நகர் ஆலைகளில் ஒப்பந்தத்திலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். ஏட்டில் இல்லாத உழைப்புக்குக் கூலி உயர்வோ காப்பீடோ கேட்பது கடினம்.

பதில் சொல்லும் முன்

• அடையாள அட்டையும் நிறுவனத்தின் கடிதமும் கேளுங்கள். யார் நிதி, அறிக்கை எப்போது வரும் என்றும் கேளுங்கள்.

• பெயர் வெளியிடப்படுமா என்று கேளுங்கள். சொன்ன விவரம் அவர்களிடம் அமானிதம்.

• ஆதார் எண், வங்கிக் கணக்கு, ஓடிபி கேட்டால் தர வேண்டாம். படிக்காமல் கையெழுத்து வேண்டாம்.

• பெண்களிடம் பேசப் பெண் ஆய்வாளர் வரட்டும் என்று சொல்லலாம்.

• பிடிக்காத கேள்விக்குப் பதில் மறுக்கலாம், பாதியில் நிறுத்தலாம். ஆனால் அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேறு. 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்குப் பதில் சொல்வது கடமை.

நம் பிள்ளைகளும் கேள்வி கேட்கட்டும்

சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை 2022-ல் நிறுத்தப்பட்டது. அது நமக்கு இழப்புதான். ஆனாலும் யுஜிசி நெட் தேர்வு வழியாகக் கிடைக்கும் ஜேஆர்எஃப், மேற்சொன்ன ஆராய்ச்சிக் கழகத்தின் முனைவர் பட்ட உதவித்தொகை ஆகியவை எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. பொருளாதாரம், சமூகவியல், சமூகப்பணி படிக்கும் நம் மகன்களும் மகள்களும் இவற்றுக்கு முயல வேண்டும். வீட்டுத் தையலின் கஷ்டம் அறிந்த ஒரு பெண் கேள்வித்தாள் தயாரித்தால், "சும்மா இருக்கிறேன்" என்ற பதிலோடு அவள் நிறுத்திக்கொள்ள மாட்டாள்.

சந்தேகமான கடிதம் எதுவும் வந்தால் டிரஸ்ட் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.
செயலாளர்