தொலைக்காட்சி வாங்குமுன் கூடத்தை அளப்போம்

இல்லத்திற்குப் புதிய தொலைக்காட்சி ஒன்று வாங்க வேண்டும் என்ற பேச்சு எழுந்துவிட்டால், அது அந்த ஒரு நாளோடு முடிவதில்லை. தந்தை விலையை எண்ணுவார். தாய் கூடத்தில் அதை எங்கே வைப்பது என்று எண்ணுவார். பிள்ளைகளோ, ‘4கே’ இல்லையென்றால் வாங்குவதும் ஒன்றுதான், வாங்காதிருப்பதும் ஒன்றுதான் என்று வாதிடுவர். கடைக்குள் நுழைந்தபின் குழப்பம் பன்மடங்காகிறது. எச்.டி. ரெடி, ஃபுல் எச்.டி., 4கே, 8கே என்று ஒவ்வொரு திரையின் ஓரத்திலும் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. எண் பெரிதாகப் பெரிதாக விலையும் ஏறுகிறது.

மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்திற்கு இது சிறு செலவன்று. பலர் தவணை முறையில் வாங்கி, ஓராண்டோ ஈராண்டோ கடன் கட்டுகின்றனர். பள்ளிக் கட்டணத்துக்கோ மருத்துவத்துக்கோ உதவக்கூடிய தொகை அது. ஆகவே, அந்த எண்கள் எதைக் குறிக்கின்றன, எதைக் குறிக்கவில்லை என்பதைத் தெரிந்துகொண்டு கடைக்குச் செல்வதே அறிவுடைமை.

பழைய பெட்டியில் இல்லாத கேள்வி

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தொடங்கப்பெற்றது. 1982இல் நம் நாட்டில் வண்ண ஒளிபரப்பு வந்தது. 2006இல் தமிழ்நாட்டு அரசு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, ஏழை எளியோர் இல்லங்களிலும் அது இடம்பெற்றது. இக்காலமெங்கும், “இதன் தெளிவு எவ்வளவு?” என்ற கேள்வியை வாங்குவோர் யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் எழவில்லை. ஏனெனில், நம் நாட்டு ஒளிபரப்பு முறையில் ஒரு படம் 625 கோடுகளால் ஆனது. அவற்றுள் 576 கோடுகளே படத்தைத் தாங்கின. பெட்டி 14 அங்குலமாயினும் 29 அங்குலமாயினும் கோடுகள் அவையே.

தட்டைத் திரை வந்தபின் நிலை மாறிற்று. இத்திரையில் கோடுகளுக்குப் பதிலாக நிலையான புள்ளிகள் உள்ளன. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று சிறு கூறுகள் சேர்ந்தது ஒரு புள்ளி. இதையே பிக்சல் என்கின்றனர். ஒரு திரையில் இத்தகைய புள்ளிகள் எத்தனை வரிசையாக அமைந்துள்ளன என்பதே அதன் தெளிதிறன்.

எண்களின் பொருள்

எச்.டி. ரெடி எனப்படும் திரையில் பெரும்பாலும் அகலவாட்டில் 1366 புள்ளிகளும் உயரவாட்டில் 768 புள்ளிகளும் இருக்கும். பெருக்கினால் ஏறத்தாழ 10 இலட்சம் புள்ளிகள். ஃபுல் எச்.டி. என்பது 1920க்கு 1080. ஏறத்தாழ 21 இலட்சம். 4கே அல்லது அல்ட்ரா எச்.டி. என்பது 3840க்கு 2160. ஏறத்தாழ 83 இலட்சம். 8கே என்பது 7680க்கு 4320. 3 கோடியே 31 இலட்சத்துக்கும் மேல்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் நலம். ஃபுல் எச்.டி.யை 1080 என்று அழைக்கும்போது உயரவாட்டுப் புள்ளிகளை எண்ணுகிறோம். 4கே என்னும்போது அகலவாட்டுப் புள்ளிகளை எண்ணுகிறோம். 3840 என்பது நாலாயிரத்துக்கு அண்மையில் இருப்பதால் அப்பெயர். அளவுகோலே இடையில் மாறிவிட்டது. உண்மையில் 4கே திரையில் ஒவ்வொரு பக்கமும் இருமடங்கு புள்ளிகளும், மொத்தத்தில் நான்கு மடங்கு புள்ளிகளும் உள்ளன. ஆயினும், நான்கு மடங்கு புள்ளிகள் என்பது நான்கு மடங்கு தெளிவு ஆகுமா? அதற்கு விடை தர வேண்டியது நம் கண்ணே.

கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு

ஒரு பாகையை 60 கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூற்றைக் ‘கலை’ என்பர். குறையற்ற பார்வையுடைய கண், அதாவது மருத்துவர் 6/6 என்று குறிக்கும் கண், ஏறத்தாழ ஒரு கலை அளவுள்ள நுணுக்கத்தையே பிரித்தறியும். அதனினும் நெருக்கமான இரு புள்ளிகள் அதற்கு ஒன்றாகவே தோன்றும். பத்தடித் தொலைவிலிருந்து பார்த்தால் இந்த எல்லை ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர்.

இனி 43 அங்குலத் திரையை எடுத்துக்கொள்வோம். ஃபுல் எச்.டி.யாயின் அதில் ஒரு புள்ளியின் அகலம் ஏறத்தாழ 0.5 மில்லிமீட்டர். 4கே ஆயின் அதில் பாதி. பத்தடிக்கு அப்பால் அமர்ந்திருப்பவருக்கு 0.5 மில்லிமீட்டர்ப் புள்ளியே தனித்துத் தெரியாதபோது, அதன் பாதியளவுப் புள்ளி எவ்வாறு தெரியும்? அவரைப் பொறுத்தமட்டில் புள்ளிக் கணக்கில் இரு திரைகளும் ஒன்றே.

இக்கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள எளிய வழி உண்டு. திரையின் மூலைவிட்ட அளவை ஒன்றரையால் பெருக்குக. அத்தொலைவுக்கு அப்பால் அமர்ந்தால், ஃபுல் எச்.டி.க்கும் 4கேக்கும் உள்ள வேறுபாடு மங்கத் தொடங்கிவிடும். 43 அங்குலத் திரைக்கு அது ஏறத்தாழ ஐந்தரை அடி. 55 அங்குலத்துக்கு 7 அடி. 65 அங்குலத்துக்கு எட்டு, எட்டரை அடி. 32 அங்குலத் திரையில் எச்.டி. ரெடிக்கும் ஃபுல் எச்.டி.க்கும் உள்ள வேறுபாடு 6 அடிக்கு அப்பால் மறைந்துவிடும். 8கேயின் பயனைக் காண வேண்டுமாயின், 65 அங்குலத் திரைக்கு முன்னே 4 அடிக்குள் அமர வேண்டும். எந்தக் குடும்பம் அவ்வாறு அமர்ந்து பார்க்கப் போகிறது?

இளம் பிள்ளைகளுள் சிலருக்கு இதனினும் கூர்மையான பார்வை இருக்கலாம். திரையைக் கணினிபோல் அருகில் வைத்து எழுத்துகளைப் படிப்போரும் உண்டு. அத்தகையோருக்கு 4கே பயன் தரும். ஆனால், முதியோர் உள்ள இல்லங்களில் வேறொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். “படம் மங்கலாகத் தெரிகிறது” என்று பாட்டி சொன்னால், குறை பழைய திரையிலா, கண்ணில் வளரும் புரையிலா என்று முதலில் அறிதல் வேண்டும். கண் மருத்துவரிடம் செல்ல வேண்டியவருக்குப் புதிய திரையை வாங்கிக் கொடுப்பதால், பணம் செலவாகுமேயன்றிப் பார்வை தெளியாது.

சட்டியில் இருப்பதே அகப்பையில்

திரை எவ்வளவு நுண்ணியதாயினும், அதற்கு வந்து சேரும் படம் நுண்ணியதாக இல்லாவிடில் பயனில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? கேபிள் வழியாகவும் டிஷ் வழியாகவும் வரும் அலைவரிசைகளில் பல இன்றும் பழைய 576 வரிசை அளவிலேயே வருகின்றன. எச்.டி. அலைவரிசைகளுக்குத் தனிக் கட்டணம் உண்டு. அவையும் ஃபுல் எச்.டி. அளவைத் தாண்டுவது அரிது. 576 வரிசைப் படம் 4கே திரைக்கு வரும்போது, இல்லாத புள்ளிகளை அருகிலுள்ள புள்ளிகளைக் கொண்டு தொலைக்காட்சியே கணக்கிட்டு நிரப்புகிறது. அக்கணக்கு எத்துணைத் திறமையானதாயினும், அனுப்பப்படாத விவரத்தை அதனால் படைத்துவிட இயலாது. திரை பெரிதாகுந்தோறும் அந்தக் குறையும் பெரிதாகத் தெரியும்.

4கே படங்கள் பெரும்பாலும் இணையத்தின் வழியாகவே வருகின்றன. அதற்கு நொடிக்கு ஏறத்தாழ 15 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு தடையின்றிக் கிடைக்க வேண்டும், ஃபுல் எச்.டி.க்கு 5 மெகாபிட் போதும். மேலும், நாம் செலுத்தும் சந்தாவும் 4கேயை அளிப்பதாக இருக்க வேண்டும்.

செலவின்றியே தெளிவைக் கூட்டும் வழியொன்றும் உண்டு. பல இல்லங்களில் செட்டாப் பெட்டியையும் தொலைக்காட்சியையும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகளுள்ள பழைய கம்பியால் இணைத்திருப்பர். அக்கம்பி எச்.டி. படத்தைச் சுமக்க வல்லதன்று. எச்.டி. அலைவரிசைக்குப் பணம் கட்டியும் பழைய படத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர் பலர். எச்.டி.எம்.ஐ. என்னும் கம்பியால் இணைத்தாலே படம் தெளிந்துவிடும். புதிய தொலைக்காட்சி வாங்க எண்ணுவோர் முதலில் தம் பெட்டியின் பின்புறத்தைப் பார்ப்பாராக.

சீட்டில் எழுதப்படாதவை

படத்தின் அழகு புள்ளிகளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. இருள் இருளாகவும் ஒளி ஒளியாகவும் தோன்றும் வேறுபாட்டையே கண் முதலில் உணர்கிறது. ‘எல்.இ.டி. தொலைக்காட்சி’ என்று பொதுவாக விற்கப்படுவது, உண்மையில் பின்னே எல்.இ.டி. விளக்குகளைக் கொண்ட திரவப் படிகத் திரையே. பின்விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால், கரிய இரவுக் காட்சியும் சற்றுச் சாம்பல் நிறமாகத் தோன்றும். ஓ.எல்.இ.டி. எனப்படும் திரையிலோ ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைவதால், கருமை முழுமையாக இருக்கும். விலையும் அதற்கேற்ப மிகும்.

எச்.டி.ஆர். என்ற சீட்டையும் ஆராய வேண்டும். மிக ஒளியுள்ள பகுதியையும் நிழலையும் ஒரே காட்சியில் காட்டும் முறை அது. அதற்குத் திரையில் போதிய ஒளிர்வு இருக்க வேண்டும். ஒளிர்வு மங்கிய மலிவான திரையிலும் அச்சீட்டு ஒட்டப்படுவதுண்டு. ஒலியையும் மறத்தலாகாது. திரை மெலிந்ததால் ஒலிபெருக்கிக்கு இடம் குறைந்துவிட்டது. பல கருவிகளில் அது கீழ்நோக்கியோ பின்நோக்கியோ ஒலிக்கிறது. செவித்திறன் குறைந்த முதியோருக்கு, படத்தின் புள்ளிகளைவிடச் சொல்லின் தெளிவே பெரிது.

அங்குலக் கணக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. பழைய 29 அங்குலப் பெட்டியில் படம் ஏறத்தாழ 17 அங்குல உயரம் இருந்தது. புதிய 32 அங்குலத் திரையோ அகன்றது; அதன் உயரம் 16 அங்குலத்துக்கும் குறைவு. “பெரியதைத்தான் வாங்கினோம், முகங்கள் சிறுத்துவிட்டனவே!” என்று சிலர் வியப்பதன் காரணம் இதுவே.

வாங்கும் முறை

முதலில் கூடத்தை அளக்க. நாற்காலியில் அமர்ந்து பார்ப்பவரின் கண்ணிலிருந்து சுவர்வரை எத்தனை அடி என்று குறித்துக்கொள்க. சாளர ஒளி திரையில் நேரே விழுமா என்றும் பார்க்க. அடுத்து, வீட்டில் எவற்றைப் பார்க்கிறோம், அவை எந்த வழியில் வருகின்றன என்று எண்ணுக. மூன்றாவதாக, கடனின்றி எவ்வளவு செலவிட இயலும் என்பதைக் கணவனும் மனைவியும் கலந்து முடிவு செய்க. விரலுக்குத் தகுந்த வீக்கமே வேண்டும். இம்மூன்றும் முடிந்தபின் கடைக்குச் செல்க.

கடையில் திரைகள் மிகுந்த ஒளியோடும் மிகையான நிறத்தோடும் அமைக்கப்பட்டிருக்கும். மலரும் அருவியும் பறவையும் கொண்ட, அதற்கென்றே எடுத்த படங்கள் ஓடும். அவற்றை நிறுத்தி, நாம் நாள்தோறும் பார்க்கும் சாதாரண அலைவரிசையைப் போட்டுக் காட்டச் சொல்க. நம் கூடத்தின் அடிக்கணக்கில் பின்னே தள்ளி நின்று பார்க்க. பக்கவாட்டில் நின்றும் பார்க்க. ஏனெனில், குடும்பம் முழுவதும் நடுவில் அமர்வதில்லை. பழுது ஏற்பட்டால் பார்க்க நம் ஊரில் ஆள் உண்டா, உறுதிக் காலம் எத்தனை ஆண்டு, மின்சிக்கன நட்சத்திரங்கள் எத்தனை என்பவற்றையும் கேட்டறிக.

இவ்வாறெல்லாம் சொல்வதால் 4கே வேண்டாம் என்பது பொருளன்று. இன்று 50 அங்குலத்துக்கு மேற்பட்ட திரைகள் பெரும்பாலும் 4கே ஆகவே விற்கப்படுகின்றன; அவ்வளவு பெரிய திரை தேவைப்படுவோர் அதை வாங்கிக்கொள்ளலாம். ஆனால், கண் காணாத புள்ளிகளுக்காகக் கூடுதல் விலை கொடுப்பதைவிட, அப்பணத்தைக் கண் காணும் ஒளிர்வுக்கும், காது கேட்கும் ஒலிக்கும், சற்றுப் பெரிய திரைக்கும் செலவிடுதல் நன்று. இவையெல்லாம் தேவைக்குப் போதுமாயின், மிச்சப் பணம் வீட்டிலேயே இருக்கட்டும். பள்ளி திறக்கும் மாதத்தில் அது கைகொடுக்கும்.