செய்தியின் உருவமாற்றம்: வன்னியை முன்னிறுத்திச் சில குறிப்புகள்

உருவம் என்பது உள்ளடக்கத்தின் மேற்போர்வை மட்டுமன்று. எது சொல்லப்படும், எது விடப்படும் என்பதையும் அதுவே வரையறுக்கின்றது. இலக்கிய ஆய்வில் நாம் ஏற்றுக்கொண்ட இவ்வுண்மையைச் செய்திக்கும் பொருத்திப் பார்க்கவேண்டிய தேவை இன்று எழுந்துள்ளது. வாசிப்பதற்கென எழுதப்பட்ட செய்தி, விரலால் தள்ளத் தள்ள முடிவின்றி வந்துகொண்டேயிருக்கும் குறுங்காணொளி ஓடையாக மாற்றப்படுகின்றது. இம்மாற்றத்தின் பொருளியல் அடிப்படையையும் வன்னிப் பெருநிலப்பரப்பில் அதன் தாக்கத்தையும் விளக்குவதே எமது நோக்கமாகும்.

எமது கிராமங்களிற் பத்திரிகை வாசிப்பு நெடுங்காலம் ஒரு கூட்டுச் செயலாகவே இருந்தது. சனசமூக நிலையத்து மேசையிற் கிடந்த ஒரு பிரதி பல கைகளுக்கு மாறிற்று. ஒருவர் உரத்து வாசிக்க, ஏனையோர் கேட்டனர். பத்திரிகைக்கு இறுதிப் பக்கம் ஒன்றுண்டு. வாசிப்பு அங்கே முடிய, விவாதம் தொடங்கிற்று. அப்பத்திரிகையும் விளம்பரத்தால் வாழ்ந்த வணிகப் பொருளே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

புதிய ஓடைக்கு இறுதிப் பக்கம் இல்லை. 2006இல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய முடிவிலாத் திரையோட்டம், வாசகன் நின்று சிந்திக்கும் இடத்தையே நீக்கிவிட்டது. தொலைக்காட்சியின் இயல்பு தனித்தனி நிகழ்ச்சிகளன்று, இடையறா ஒழுக்கே என்று ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் விளக்கினார். வெகுசன ஊடகம் விளம்பரதாரருக்கு விற்கும் பண்டம் பார்வையாளரே என்று டலஸ் ஸ்மைத் 1977இல் வாதிட்டார். இவ்விரு போக்குகளும் குறுங்காணொளியில் முழுமை பெறுகின்றன. எந்தக் காட்சியில் விரல் எவ்வளவு நேரம் தயங்கிற்று என்பது அளக்கப்பட்டு, அவ்வளவின்படியே அடுத்த காட்சி தெரிவுசெய்யப்படுகின்றது. முன்பு பத்திரிகாசிரியர் ஆற்றிய தெரிவை இன்று கணக்கீடு ஆற்றுகின்றது.

இந்திய உதாரணமொன்று இதனைத் தெளிவாக்கும். 2020 யூனில் டிக்டொக்கை இந்திய அரசு தடைசெய்தது. தமிழ் உட்படப் பல மொழிகளின் செய்திகளைத் திரட்டி வழங்கிவந்த டெய்லிஹண்ட் செயலியின் உரிமை நிறுவனம், அவ்வாண்டிலேயே ஜோஷ் என்ற குறுங்காணொளிச் செயலியைத் தொடங்கிற்று. செய்தியும் கேளிக்கையும் ஒரே மூலதனத்தின் இரு சரக்குகளாயின. இலங்கையிலோ தொலைபேசி நிறுவனங்கள் காணொளித் தளங்களுக்கெனத் தனியான தரவுப் பொதிகளை விற்கின்றன. நாட்கூலிக்காரர் எதனைப் பார்ப்பார் என்பதில் விருப்பத்தோடு விலையும் பங்குகொள்கின்றது.

வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவினர், 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியிலும், 24இல் வவுனியாவிலும், மார்ச் 8இல் முல்லைத்தீவிலும் தொடர் போராட்டங்களைத் தொடங்கினர். போராடிய பெற்றோர் பலர் விடையறியாமலே மறைந்துவிட்டனர். இப்போராட்டத்தின் உள்ளடக்கம் காலமே. முதல் நாளும் ஆயிரமாவது நாளும் காட்சியில் ஒன்றுபோலத் தோன்றும். அவற்றிடையேயான வேறுபாட்டை, அதாவது அளிக்கப்பட்ட வாக்குறுதிகளையும் அவை கைவிடப்பட்ட வரலாற்றையும், தொடர்ச்சியான எழுத்தே உணர்த்தும். தாயின் கண்ணீரை ஓடை காட்டும். அவளது கேள்வியைக் காட்டாது.

கொக்குத்தொடுவாய்ப் புதைகுழியும் அத்தகையதே. 2023 யூன் 29இல் குடிநீர்க் குழாய்க்காக நிலத்தைத் தோண்டுகையில் அது வெளிப்பட்டது. 2024 யூலையில் அகழ்வு நிறைவுற்றபோது 52 பேரின் எச்சங்கள் மீட்கப்பட்டிருந்தன. மண்ணிலிருந்து வெளிப்படும் எலும்பு சில விநாடிக் காட்சியாகலாம். நீதிமன்றத் தவணை, சட்ட மருத்துவ அறிக்கை, அடையாளம் காணல் ஆகியவை அவ்வாறு ஆகமாட்டா. ஆயினும் நீதி அவற்றிலேயே தங்கியுள்ளது.

காணொளியைக் குற்றஞ்சாட்டுவது எமது கருத்தன்று. எழுத்தறியாதோரையும் வேலையில் ஓய்வற்றோரையும் அது சென்றடைகின்றது. ஒடுக்கப்பட்டோர் கையில் அது சாட்சியுமாகும். முரண்பாடு கருவியில் இல்லை, அதன் உடைமையிலும் அது பணிந்து நிற்கும் இலாப நோக்கிலுமே உள்ளது. பத்திரிகையின் முதற் சுதந்திரம் அது வியாபாரமாக இராமையே என இளம் மார்க்ஸ் 1842இல் வாதிட்டதை இங்கு நினைவுகூரலாம்.

ஆகவே, காணொளி வெளியிடும் செய்தித் தளங்கள் அதன் முன்பின் வரலாற்றைத் தேதியிட்ட எழுத்தாகவும் பேணவேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் சனசமூக நிலையங்களும் அவ்வெழுத்தைத் தொகுத்து, மீண்டும் கூட்டாக வாசிக்க முன்வரவேண்டும். விடை கிடைக்கும் நாளில், கேள்வி என்னவென்பதை மக்கள் மறவாதிருத்தல் இன்றியமையாதது.